2024 ஆஸ்திரேலியன் ஓபன் ஆண்கள் டபுள்ஸ் ரிசல்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருங்க ஜெயிச்சது? ஸ்கோர் மட்டும் சொல்லுங்க, போதும்.

இந்தியாவோட ரோஹன் போபண்ணாவும் ஆஸ்திரேலியாவோட மேத்யூ எப்டனும். ஃபைனல்ல இத்தாலி ஜோடி சிமோனே பொலெல்லி, ஆண்ட்ரியா வவாசோரியை 7-6(0), 7-5ன்னு நேர் செட்ல முடிச்சாங்க. 2024 ஜனவரி 27, சனிக்கிழமை ராத்திரி, மெல்போர்ன் ராட் லேவர் அரீனா. மேட்ச் 1 மணி 39 நிமிஷம்.

ஸ்கோர் மட்டும் போதும்னு வந்தவங்க இத்தோட கிளம்பலாம். ஆனா இந்த டோர்னமென்ட்டோட சுவாரஸ்யமே ஃபைனல் ஸ்கோர்ல இல்ல, அதுக்கு முன்னாடி வந்த அஞ்சு மேட்ச்ல இருக்கு.

ரவுண்டு ரவுண்டா ரிசல்ட் வேணும்.

போபண்ணா, எப்டன் ஜோடிக்கு 2ஆம் சீடிங், அதாவது ரேங்கிங்கை வெச்சு டோர்னமென்ட்ல குடுக்கற வரிசை நம்பர். மொத்தம் 64 ஜோடி, கப்பைத் தூக்கணும்னா 6 மேட்ச் ஜெயிக்கணும்.

முதல் ரவுண்டு: ஆஸ்திரேலியாக்காரங்க ஜேம்ஸ் டக்வொர்த், மார்க் போல்மன்ஸ் கூட 7-6(5), 4-6, 7-6(10-2).
ரெண்டாவது ரவுண்டு: ஜான் மில்மன், எட்வர்ட் வின்டர் கூட 6-2, 6-4.
மூணாவது ரவுண்டு: 14ஆம் சீடிங் வெஸ்லி கூல்ஹோஃப், நிகோலா மெக்டிச் கூட 7-6(8), 7-6(4).
குவார்ட்டர் ஃபைனல்: 6ஆம் சீடிங் அர்ஜென்டினா ஜோடி மாக்சிமோ கொன்சாலஸ், ஆண்ட்ரேஸ் மோல்டேனி கூட 6-4, 7-6(5).
செமி ஃபைனல்: செக் நாட்டு டொமாஸ் மஹாச், சீனாவோட ஜாங் ஜிஜென் கூட 6-3, 3-6, 7-6(10-7).
ஃபைனல் மேலயே சொல்லியாச்சு.

இப்ப இதை ஒரு தடவை மேல இருந்து கீழ பாருங்க. மொத்தம் 14 செட் ஆடியிருக்காங்க, 12 ஜெயிச்சிருக்காங்க, அந்த 12ல 7 செட் டைபிரேக்ல (6-6 ஆனா பாயின்ட் எண்ணி செட்டை முடிக்கிறது) வந்தது. டைபிரேக்னு போன ஒண்ணைக்கூட தோக்கல, ஏழுக்கு ஏழு. பேப்பர்ல எல்லாம் போபண்ணாவுக்கு "43 வயசு, 43 வயசு"ன்னு போட்டுத் தள்ளினாங்களே, என்னைக் கேட்டா இந்த ஏழுக்கு ஏழுதான் ஹெட்லைன் ஆகியிருக்கணும்.

முதல் ரவுண்டுலயே அவுட் ஆகியிருப்பாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

வாய்ப்பு நல்லாவே இருந்துச்சு. டக்வொர்த்தும் போல்மன்ஸும் சிங்கிள்ஸ் பக்கம் இருந்து வந்தவங்க, சொந்த ஊர் கூட்டம் வேற பின்னாடி. மூணாவது செட்ல 6-6 வரைக்கும் இழுத்துட்டாங்க. அங்க இருந்து பத்து பாயின்ட் டைபிரேக்குனா யார் பக்கம் வேணா சாயலாம், ரெண்டு தப்பு பண்ணா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த இடத்துல போய் 10-2ன்னு முடிச்சாங்க பாருங்க, அதுக்கு மேல என்ன சொல்றது. கிராண்ட் ஸ்லாம்னு சொல்ற நாலு பெரிய டோர்னமென்ட்டோட டபுள்ஸ்ல முதல் ரவுண்டு எப்பவுமே ஆபத்தானது, ஏன்னா எதிர்ல நிக்கறவங்க யாருன்னே சரியா தெரியாது, சிங்கிள்ஸ் ஆளுங்க ரெண்டு பேர் சேர்ந்து வந்து ரிட்டர்னை ஓங்கி அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பாங்க, டபுள்ஸ் இலக்கணம் எதையும் பார்க்க மாட்டாங்க.

செமியிலயும் அதே கதைதான். மஹாச், ஜாங் ரெண்டு பேரும் சிங்கிள்ஸ் ஆளுங்க, சீடிங் கிடையாது, நல்ல உயரம், நல்ல சர்வ். அங்கயும் மூணாவது செட் டைபிரேக் வரைக்கும் போச்சு. மூணு செட் போன ரெண்டே மேட்ச்ல ரெண்டுமே இந்த மாதிரி ஜோடிங்க கூடத்தான், டபுள்ஸே தொழிலா வெச்சிருக்கிற கூல்ஹோஃப், மெக்டிச் மாதிரி ஆளுங்களை ரெண்டே செட்ல முடிச்சிருக்காங்க.

மில்மன்னா அந்த ஃபெடரரைத் தோக்கடிச்ச மில்மனா?

அவரேதான், 2018 யூஎஸ் ஓபன்ல. இந்த ஆஸ்திரேலியன் ஓபன்தான் அவருக்குக் கடைசி டோர்னமென்ட்.

அந்த பிராக்கெட்ல இருக்கிற நம்பர் என்ன? ஒண்ணு (0)ன்னு இருக்கு, ஒண்ணு (10-2)ன்னு இருக்கு, குழப்பமா இருக்கே.

செட் 6-6 ஆச்சுன்னா டைபிரேக். சாதாரண செட்ல முதல்ல 7 பாயின்ட் எடுக்கணும், ஆனா ரெண்டு பாயின்ட் வித்தியாசம் கட்டாயம். பிராக்கெட்ல போடறது தோத்தவங்க எடுத்த பாயின்ட். 7-6(5)ன்னா டைபிரேக் 7-5ல முடிஞ்சிருக்கு. 7-6(8)ன்னா 10-8 வரைக்கும் இழுத்திருக்கு. 7-6(0)ன்னா தோத்தவங்களுக்கு ஒரு பாயின்ட்கூட கிடைக்கல, 7-0.

கடைசி செட்ல 6-6 ஆனா மட்டும் 7 இல்ல, 10 பாயின்ட் வரைக்கும் போகணும். 2022ல இருந்து நாலு ஸ்லாம்லயும் இதே ரூல்தான். அதனாலதான் (10-2), (10-7)ன்னு முழுசா போடறாங்க.

இதோட இன்னொண்ணையும் சேர்த்துக் குழப்பிக்கிறாங்க. ஸ்லாம் இல்லாத ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் சங்கம்) டோர்னமென்ட் டபுள்ஸ்ல செட் 1-1 ஆச்சுன்னா மூணாவது செட்டே கிடையாது, நேரா பத்து பாயின்ட் சூப்பர் டைபிரேக்தான், டியூஸ், அதாவது கேம் 40-40ன்னு வந்தாலும் அடுத்த ஒரே பாயின்ட்ல கேம் முடிஞ்சிரும். ஆஸ்திரேலியன் ஓபன் ஆண்கள் டபுள்ஸ்ல அப்படி இல்ல, மூணாவது செட் முழுசா ஆடணும், டியூஸ், அட்வான்டேஜ் எல்லாம் பழையபடி உண்டு. 43 வயசு முட்டிக்கு இது கூடுதல் வேலை.

டபுள்ஸ்ல ஏன் இவ்வளவு டைபிரேக் வருது?

சர்வ் பண்றவங்க கேமை உடைக்கிறது கஷ்டம், அவ்வளவுதான். சிங்கிள்ஸ்ல ரிட்டர்னை எப்படியாவது உள்ள போட்டுட்டா ரேலி ஆரம்பிச்சிரும். டபுள்ஸ்ல அப்படி முடியாது, நெட்ல ஒருத்தர் ராக்கெட்டைத் தூக்கிட்டு நிக்கிறார், ரிட்டர்ன் கொஞ்சம் உயரமா வந்தாலே குறுக்க பாய்ஞ்சு காலுக்குக் கீழ அடிச்சிருவார். அதனால ரிட்டர்ன் பண்றவங்க தாழ்வாவும் அடிக்கணும், வேகமாவும் அடிக்கணும், நெட்ல நிக்கிற ஆள் எந்தப் பக்கம் நகருவார்னு யூகிக்கவும் செய்யணும், இது எல்லாம் அரை செகண்டுல. போபண்ணாகிட்ட பெரிய சர்வ் இருக்கு, எப்டன்கிட்ட நெட்ல வேகமான கை இருக்கு. ரெண்டு பக்கமும் சர்வை காப்பாத்திக்கிட்டே போனா 6-6ல வந்துதான் நிக்கும்.

அதனாலதான் டைபிரேக்கை வெறும் அதிர்ஷ்டம்னு சொல்றவங்க கூட எனக்கு ஒத்துவராது. ஒரு டைபிரேக்கை அதிர்ஷ்டம்னு சொல்லுங்க, ரெண்டையும் சொல்லுங்க. ஏழு வரிசையா ஜெயிக்கிறது, அதுல ஒண்ணு 7-0, இன்னொண்ணு 10-2ன்னா, அந்த நேரத்துல எந்த சர்வை எங்க போடணும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சு ஆடியிருக்காங்கன்னுதான் அர்த்தம்.

ஃபைனல் எப்படிப் போச்சு?

அதுக்கு முன்னாடி அதே கோர்ட்ல பெண்கள் சிங்கிள்ஸ் ஃபைனல், சபலென்கா 6-3, 6-2ன்னு ஜெங் சின்வெனை சீக்கிரமே முடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம்தான் இவங்க இறங்கினாங்க.

முதல் செட்ல யாரும் யார் சர்வையும் உடைக்கல. 6-6. டைபிரேக்ல இத்தாலிக்காரங்க அப்படியே உறைஞ்சு போயிட்டாங்க, 7-0. ஒரு ஸ்லாம் ஃபைனல் டைபிரேக்ல ஒரு பாயின்ட்கூட விடாம எடுக்கிறது அடிக்கடி பார்க்கிற சமாச்சாரம் இல்ல.

ரெண்டாவது செட்டும் அதே மாதிரி சர்வ் மேல சர்வா போயிட்டு 5-5. 11ஆவது கேம், வவாசோரி சர்வ், அங்கதான் மேட்ச்லயே முதல் பிரேக் விழுந்துச்சு, அதாவது எதிராளி சர்வ் பண்ற கேமை இவங்க எடுத்தாங்க. அடுத்த கேம்ல சர்வ் பண்ணி முடிச்சிட்டாங்க. அந்த ஒரு பிரேக் வரலேன்னா எட்டாவது டைபிரேக்கும் வந்திருக்கும்.

பொலெல்லி, வவாசோரியை சும்மா வந்து தோத்துப் போனவங்கன்னு நினைச்சிராதீங்க. பொலெல்லி 2015லயே ஃபோக்னினி கூட சேர்ந்து இதே ஆஸ்திரேலியன் ஓபன் டபுள்ஸ் ஜெயிச்சவர். 2024ல சீடிங் இல்லாம ஃபைனல் வந்தாங்க, அப்புறம் நடந்ததைக் கடைசியில சொல்றேன்.

43 வயசு ரெக்கார்டுன்னு சொன்னது சரியா எது?

ஓபன் எராவுல, அதாவது 1968க்கு அப்புறம், ஆண்கள் டபுள்ஸ் கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சதுலயே வயசு கூடின ஆள். இதுக்கு முன்னாடி அந்த ரெக்கார்டு ஜான் ஜூலியன் ரோஜர்கிட்ட இருந்துச்சு, 2022 ஃபிரெஞ்ச் ஓபன், அப்ப அவருக்கு 40. போபண்ணா பிறந்தது 1980 மார்ச், அதனால 44க்கு ரெண்டு மாசம்கூட இல்ல.

போபண்ணா டபுள்ஸ் ரேங்கிங்ல நம்பர் 1 ஆனது கப் ஜெயிச்சதாலயா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே ஆடினாங்க, எப்டன் ஏன் நம்பர் 1 ஆகல?

நல்ல கேள்வி, நிறைய பேர் கேக்கறது. கப் வரைக்கும் போகவே வேண்டியிருக்கல, குவார்ட்டர் ஃபைனல் ஜெயிச்சப்பவே நம்பர் 1 உறுதியாயிடுச்சு. அதுவரைக்கும் அந்த இடத்துல இருந்தவர் அமெரிக்காவோட ஆஸ்டின் கிராய்செக். முதல் தடவையா நம்பர் 1 ஆகறவங்கள்ல அதுவரைக்கும் வயசு கூடினவர் ராஜீவ் ராம், 38. எவ்வளவு தூரம் தள்ளிட்டுப் போயிருக்கார்னு பாத்துக்கோங்க.

டபுள்ஸ் ரேங்கிங் ஜோடிக்கு இல்ல, ஆளுக்கு ஆள் தனி. கடைசி 52 வாரத்துல நீங்க யார் கூட ஆடி எவ்வளவு பாயின்ட் எடுத்தீங்களோ அதான் உங்க கணக்கு. வருஷம் முழுக்க எல்லா வாரமும் ஒரே பார்ட்னர் கூட ஆடற ஜோடி கம்மி, அதனால கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். எப்டனும் ரொம்ப நாள் காத்திருக்கல, அதே வருஷம் பிப்ரவரி கடைசியில அவரும் நம்பர் 1 ஆயிட்டார்.

இந்த எப்டன் யாரு? அவரைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க.

அதான் எனக்கும் எரிச்சல். நம்ம மீடியாவுல அவர் ஏதோ போட்டோவுல பக்கத்துல நின்னவர் மாதிரி ஆயிட்டார். தென்னாப்பிரிக்கா டர்பன்ல பிறந்து, ஆஸ்திரேலியா பக்கம் ஆடறவர். 2022லயே மேக்ஸ் பர்செல் கூட விம்பிள்டன் டபுள்ஸ் ஜெயிச்சிருக்கார், அதாவது இந்த ஜோடியில ஏற்கனவே ஆண்கள் டபுள்ஸ் ஸ்லாம் வெச்சிருந்தவர் எப்டன்தான், போபண்ணா இல்ல. அதே 2022ல, அதே ராட் லேவர் அரீனாவுல, ஆஸ்திரேலியன் ஓபன் ஃபைனல்ல கிரியோஸ், கொக்கினாகிஸ் ஜோடிகிட்ட தோத்தவரும் இவர்தான். சொந்த நாட்டு ஸ்லாம்ல ஃபைனல் வந்து தோத்துட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அதே கோர்ட்ல கப் தூக்கறார்னா அதுவும் ஒரு பெரிய கதைதானே?

அந்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்லயும் ஜான் பியர்ஸ் கூட சேர்ந்து டபுள்ஸ் தங்கம் எடுத்தார். அதே ஒலிம்பிக்ஸ்ல கடைசி நேரத்துல ஆள் குறைஞ்சுதுன்னு சிங்கிள்ஸ்ல இறக்கி விட்டு, ஜோகோவிச்கிட்ட 6-0, 6-1ன்னு வாங்கிட்டு வந்தாரு பாவம். ஒரே வாரத்துல ரெண்டு அனுபவமும்.

போபண்ணா இதுக்கு முன்னாடி கிராண்ட் ஸ்லாமே ஜெயிச்சதில்லையா?

ஜெயிச்சிருக்கார், ஆனா கலப்பு இரட்டையர்ல. 2017 ஃபிரெஞ்ச் ஓபன், கனடாவோட கேப்ரியலா டப்ரோவ்ஸ்கி கூட. அதுவும் கடைசி சூப்பர் டைபிரேக்ல 12-10. 2018 ஆஸ்திரேலியன் ஓபன் கலப்பு இரட்டையர் ஃபைனல்ல டிமியா பாபோஸ் கூட ஆடினப்ப அதே மாதிரி ஒரு டைபிரேக்ல 11-9ன்னு தோத்தார், எதிர்ல இருந்தது அதே டப்ரோவ்ஸ்கி. 2023 ஆஸ்திரேலியன் ஓபன்ல சானியா மிர்சா கூட கலப்பு ஃபைனல் வந்து தோத்தார், அது சானியாவுக்குக் கடைசி ஸ்லாம்.

ஆண்கள் டபுள்ஸ்னு எடுத்தா 2010 யூஎஸ் ஓபன் ஃபைனல் முக்கியம். பாகிஸ்தானோட ஐசாம் உல் ஹக் குரேஷி கூட ஆடினார், இந்தோ பாக் எக்ஸ்பிரஸ்னு அப்ப பேரு. பிரையன் பிரதர்ஸ்கிட்ட 7-6(5), 7-6(4)ன்னு தோத்தாங்க. அதாவது முதல் ஸ்லாம் ஃபைனலை ரெண்டு டைபிரேக்ல, கொஞ்சூண்டு பாயின்ட் வித்தியாசத்துல விட்டவர். அடுத்த ஆண்கள் டபுள்ஸ் ஃபைனல் வர 13 வருஷம் ஆச்சு. 2023 யூஎஸ் ஓபன், எப்டன் கூட, முதல் செட்டை 6-2ன்னு எடுத்துட்டு ராம், சாலிஸ்பரிகிட்ட தோத்துட்டாங்க. அதுக்கு அடுத்த ஸ்லாம்தான் இது. இந்தப் பின்னணி தெரிஞ்சாதான் அந்த 7-0 டைபிரேக் எவ்வளவு பெருசுன்னு புரியும்.

நடுவுல 2021ல அஞ்சு மாசம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காம ஆட்டத்தையே விட்டுடலாம்னு இருந்ததா அவரே சொல்லியிருக்கார். முட்டியில குருத்தெலும்பு தேஞ்சு போய், ஐயங்கார் யோகா செஞ்சுதான் திரும்ப ஓட ஆரம்பிச்சதாவும் சொல்வார்.

இந்தியர்கள்ல ஆண்கள் டபுள்ஸ் ஸ்லாம் வேற யார் ஜெயிச்சிருக்காங்க?

லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி. 1999ல ஃபிரெஞ்ச் ஓபன், விம்பிள்டன் ரெண்டையும் சேர்ந்தே எடுத்தாங்க. பயஸ் மொத்தம் 8 ஆண்கள் டபுள்ஸ் ஸ்லாம் வெச்சிருக்கார், அதுல ஒண்ணு 2012ல ராடெக் ஸ்டெபானெக் கூட எடுத்த ஆஸ்திரேலியன் ஓபன். போபண்ணா மூணாவது ஆள்.

பரிசுப் பணம் எவ்வளவு?

ஜோடிக்கு 7,30,000 ஆஸ்திரேலிய டாலர், ரெண்டா பிரிச்சா ஆளுக்கு 3,65,000. அதே வருஷம் சிங்கிள்ஸ் ஜெயிச்ச ஒருத்தருக்கு 31,50,000. வித்தியாசத்தைப் பாருங்க. டபுள்ஸ் ஆளுங்க கோச், பிசியோ, ஃபிளைட் டிக்கெட் எல்லாம் இதுக்குள்ளதான் பார்க்கணும், ஸ்லாம் ஜெயிக்காதவங்க நிலைமையை நீங்களே யோசிச்சுக்கோங்க.

தமிழ்நாட்டு ஆளுங்களுக்கும் போபண்ணாவுக்கும் தொடர்பு உண்டா?

போபண்ணா குடகுக்காரர், அதுல மாத்தமில்ல. ஆனா அவர் பார்ட்னர் லிஸ்ட்ல நம்ம ஆளுங்க நிறைய. 2017 சென்னை ஓபன், நுங்கம்பாக்கத்துல, சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியன் கூட சேர்ந்து புரவ் ராஜா, திவிஜ் சரண் ஜோடியை 6-3, 6-4ன்னு ஜெயிச்சார். நாலு பேரும் இந்தியர்கள், அப்படி ஒரு ஃபைனல். அதோட அந்த டோர்னமென்ட்டையே புனேவுக்குக் கொண்டு போயிட்டாங்க, அது தனி வயித்தெரிச்சல். 2022ல ராம்குமார் ராமநாதன் கூட அடிலெய்டு, புனேன்னு ரெண்டு டைட்டில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் பார்ட்னரா அவர் கூட்டிட்டுப் போனது கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியை, முதல் ரவுண்டுலயே மான்ஃபிஸ், ரோஜர் வாஸ்லின்கிட்ட 5-7, 2-6ன்னு தோத்தாங்க. அத்தோட இந்தியாவுக்கு ஆடறதை நிறுத்திக்கிட்டார்.

அதே ஆஸ்திரேலியன் ஓபன்ல இன்னொரு இந்தியரும் ஏதோ பண்ணாரே?

சுமித் நாகல், சிங்கிள்ஸ் முதல் ரவுண்டு. சீடிங் ஆளான கஜகஸ்தானோட அலெக்சாண்டர் பப்ளிக்கை 6-4, 6-2, 7-6(5)ன்னு தோக்கடிச்சார். ஸ்லாம் சிங்கிள்ஸ்ல சீடிங் வீரரை இந்திய ஆண் ஒருத்தர் ஜெயிச்சது அதுக்கு முன்னாடி 1989லதான், அதே மெல்போர்ன்ல நம்ம ரமேஷ் கிருஷ்ணன் வில்லாண்டரை சாய்ச்சப்ப.

சரி, அதுக்கப்புறம் இந்த ரெண்டு ஜோடியும் என்ன ஆனாங்க?

போபண்ணா, எப்டன் 2024 மார்ச்ல மயாமி ஓபனும் ஜெயிச்சாங்க. ஜூன்ல ஃபிரெஞ்ச் ஓபன் செமியில திரும்பவும் பொலெல்லி, வவாசோரி எதிர்ல வந்தாங்க, இந்தத் தடவை 7-5, 2-6, 6-2ன்னு இத்தாலி பக்கம் போச்சு. அதுல டைபிரேக்கே வரலன்றதைக் கவனிச்சீங்களா. அந்த வருஷக் கடைசியில போபண்ணாவும் எப்டனும் பிரிஞ்சிட்டாங்க. 2025 ஆஸ்திரேலியன் ஓபனுக்கு கொலம்பியாவோட பாரியென்டோஸ் கூட வந்த போபண்ணா முதல் ரவுண்டுலயே 5-7, 6-7(5)ன்னு வெளிய போனார், அந்த டைபிரேக் கைகொடுக்கல. 2025 நவம்பர்ல ரிட்டயர்மென்ட் சொல்லிட்டார்.

பொலெல்லி, வவாசோரி 2025லயும் மெல்போர்ன் ஃபைனலுக்கு வந்தாங்க. முதல் செட்டை டைபிரேக்ல 18-16ன்னு எடுத்தாங்க, போன வருஷம் 7-0ன்னு வாங்கின அதே கோர்ட்ல. அடுத்த செட்டையும் டைபிரேக் வரைக்கும் கொண்டு போய் அதை விட்டுட்டு, மேட்ச்சையும் ஹெலியோவாரா, பேட்டன் ஜோடிகிட்ட விட்டுட்டாங்க.